சுருளிவேல் எழுதிவைத்த உரிமை

தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் அமிர்தநாதன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் மேலாளர் ஆறுமுகசாமி அவர்களே, கணவரை இழந்து நிற்கும் சகோதரி பூமாரி அவர்களே, சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்துப் பெருமக்களே, வணக்கம்.

மஞ்சள் காமாலை கொண்டுபோன பொறியாளர் சுருளிவேலை எனக்கு முன்னால் எல்லோரும் புகழ்ந்துவிட்டார்கள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. பாலக்காட்டுக் கம்ப்யூட்டர் நிலையத்தில் அவனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். அவன் என்றே சொல்கிறேன், அப்படித்தான் பழகினோம். அவன்மேல் எனக்குப் பொறாமை. இருந்தது என்று சொல்லவில்லை, இப்போதும் இருக்கிறது.

ஏன் இருக்காது? ஒரே படிப்பு, ஒரே சம்பளம். உங்கள் கொழுந்து எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ராசம்மாளுக்கு நான் சார், அவன் அண்ணன். அவனுக்காக எங்கள் நிலையமே அவன் ஊருக்கு மலையேறி வந்திருக்கிறது. நான் செத்தால் யார் வருவார்கள்?

எங்கள் கம்ப்யூட்டரை இயக்குவது யூனிக்ஸ் என்ற அமைப்பு. அதில் எதையும் திறக்கவும் அழிக்கவும் கூடியவர் சூப்பர் யூசர் மட்டுமே. அந்தப் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. மாதாமாதம் ஒவ்வொரு தோட்டத்தின் கணக்கையும் வைக்க ஒரு டைரக்டரி, அதாவது தனி அறை, உண்டாக்க ஒரு புரோகிராம் வைத்திருந்தோம். யார் அதை ஓட்டினாலும் சூப்பர் யூசர் அதிகாரத்தில்தான் ஓடும். அதனால் அது கட்டிய அறையெல்லாம் சூப்பர் யூசர் பெயரிலேயே நின்றது. தோட்டத்துத் துரை தொழிலாளர் லயத்தைக் கட்டிவிட்டுச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனால், குடியிருக்க வந்தவர் என்ன செய்வார்?

"ஏனுங்க சார், இந்த மாசமும் உள்ளார உடமாட்டேங்குதுங்க" என்று ராசம்மாள் என் மேசைக்கு வந்து நிற்பாள். நான் போய்த் திறந்துவிடுவேன். கூட்டம் அதிகமானதும், "எல்லா டைரக்டரியையும் எல்லோருக்கும் திறந்துவிடலாம், தொல்லை தீரும்" என்றேன்.

சுருளிவேல் சிரித்தான். "ஒந் தொல்ல தீரும் மாப்ள. எவனாச்சும் உள்ள பூந்து எடையக் கொறச்சா, கொழுந்து கிள்ளுனவ யாருகிட்டப் போயிக் கேப்பா?"

புரோகிராமை அவனே திருத்தினான். தனக்கு அதிகாரம் இருக்கிறது என்பதற்காக அது இனி எதையும் செய்துவிடாது. கேட்பவருக்கு அங்கே உரிமை உண்டா என்று முதலில் பார்க்கும். உண்டென்றால் டைரக்டரியைக் கட்டும். கட்டிய கையோடு கேட்டவர் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டு விலகும்.

அதற்குப் பிறகு என் மேசைக்கு ஆள் வரத்து நின்றது. "ஈ ஓட்டறதுக்கு விசிறி ஏதாச்சும் வேணுங்களா சார்?" என்று ராசம்மாளே கேட்டாள். அவன் மேசையிலும் யாருக்கும் வேலை இல்லைதான். ஆனாலும் டீ நேரத்தில் எல்லோரும் அங்கேதான் கிடந்தார்கள். இதை எப்படித் தாங்குவது?

அவனை அடக்கம் செய்த மறுநாள் மேலாளர் என்னை அழைத்தார். "அவன் எழுதினது இனி யாருக்குப் புரியப் போகுதுங்க? சூப்பர் யூசர் பாஸ்வேர்டை எல்லாருக்கும் குடுத்துருங்க. திங்கக்கிழமையிலிருந்து அப்படியே நடக்கட்டும்" என்றார்.

மேலாளர் அவர்களே, சுருளிவேல் எழுதியது எனக்குப் புரியும். திங்கட்கிழமை நான் பாஸ்வேர்டைத் தர மாட்டேன். என்னை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் போட்டால், போகுமுன் அவருக்கும் இதைப் புரியவைத்துவிட்டுத்தான் போவேன்.

பெருமக்களே, நீங்கள் நிறுத்துப் போட்ட எடையை இனி எவனும் தொட விடமாட்டேன். இதையும் சுருளிவேல் புண்ணியம் என்றுதான் சொல்வீர்கள். எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். இருந்தாலும் செய்வேன்.