காய்ச்சல் சிந்தின் கடைசிப் பாட்டு

— பத்திரிகையில ஈக்கிற விஷயம்தானே கறுப்பையா? காய்ச்சல்ல மௌத்தானவங்கட கணக்கு அதில வருது. அதையே பாட்டாக் கட்டி நான் அச்சடிச்சா ஆரு வாங்குவா, செல்லுங்க?

— கணக்குத்தான் வருது, முனாப் நானா. ஆளு வருதா? செத்தவங்க கடைசியா என்ன கேட்டாங்கன்னு தோட்டத்து லயம் லயமாப் போய் விசாரிச்சேன். ஒரு பெரியவரு கருவாடு சுட்டுத் தரச் சொன்னாராம். அது பத்திரிகையில வருமா? ஸ்டேசன்ல ஏறி நாவலப்பிட்டிக் கோச்சியில நின்னு பாடினா ஆளுக்கொரு தாள் வாங்குவாங்க. அவங்க சனம் அதுல இருக்குல்ல!

— மெய்தான். ஆனா, செல்றதெல்லாம் உண்மையெண்டு எப்படி நம்புறது?

— கருமாதி முடியாம பேரை எழுத மாட்டேன். மொட்டை போட்ட தலையைக் கண்ணால பார்க்கணும். அதான் என் கட்டுப்பாடு.

— கெட்டிக்காரன்தான்! எங்க, கடைசிப் பாட்டைப் படிங்க. அச்சுக் கோக்க அதுதான் மிச்சம்.

— “பாயில் சுருட்டித் தந்தாரே – சுந்தரி
பால்முகம் பார்க்காதே என்றாரே
தோளில் சுமந்த அழகருமே – ஹந்தானைத்
தோட்டம் அதிர அழுதாரே.”

— சுந்தரியா? இந்தா, எங்கட வீட்டில இருந்து சோறு கொண்டு வாராளே, இவட பேரும் அதுதான். ஏன் புள்ள வாசல்லயே நிண்டுட்ட?

— அண்ணே... அந்த ஆளு அழுதாரா?

— அழுதாராவா? அழகர் மொட்டைத் தலையோட லயத்து வாசல்ல உக்காந்து தேம்புனதை நான் பார்த்தேம்மா. பொஞ்சாதியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்காரு. சன்னலோரக் கட்டில்ல கெடந்தவ போயிட்டான்னு பாயோட தூக்கிக் குடுத்துட்டாங்க. காய்ச்சல் ஒட்டிக்கும்னு பிரிக்கவே விடலையாம்.

— அந்தக் கட்டில்லதான் நான் கெடந்தேன். முந்தின நாளு மாறிப் படுத்தேன்.

— யா அல்லாஹ்! அந்தச் சுந்தரி நீயா? எங்கட பொஞ்சாதி றலியா ஒன்ன ஆஸ்பத்திரியில இருந்து கூட்டி வரக்க, ஆருமே இல்லையெண்டுதானே செல்லின?

— ரோஷம், முதலாளி. இந்தா இருக்கு ஹந்தானை, எட்டிப் பார்க்கலையே மனுசன்னு... வந்திருக்காரு. தோள்ல தூக்கிட்டுப் போயிருக்காரு.

— உசிரோட நிக்கிறியே தாயி! கருமாதியை நம்பி மோசம் போயிட்டேன். நானா, அந்தப் பாட்டை எடுத்துருங்க.

— எடுக்கிறன், எடுக்கிறன். நீ சோத்த வச்சிட்டு ஓடு புள்ள, புருஷன்ட்ட!

— இந்தா போறேன். ஆனா பாட்டை எடுக்காதீங்க அண்ணே. சன்னல் காத்து எனக்குக் குளிருதுன்னு பக்கத்துக் கட்டில் பொன்னாயிதான் எடம் மாத்திக்கிட்டா. அவளுக்குத்தான் நெசமாவே யாருமில்லை. என் பேரை எடுத்துட்டு அவ பேரைப் போடுங்க. அவரு அழுதது அவளுக்கே இருக்கட்டும்.