காணாமல் போன ஏழு எழுத்துகள்

மார்ச் மாதத்தில் உறைந்த ஏரிமேல் நடந்து தீவுக்குப் போவது எங்கள் விஸ்கான்சின் பக்கத்தில் பெரிய விஷயமில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து தூக்கிப்போட்ட மரங்களை வரிசையாக நட்டுப் பாதை காட்டியிருப்பார்கள். அந்த வரிசையை விட்டு விலகாதவரை பயமில்லை. நான்கு வருடம் முன்பும் உங்களிடம் இதைத்தான் சொன்னேன், ஷெரிஃப்.

பழைய மர அச்செழுத்துகளைக் கணினிக்கு ஏற்ற எழுத்துருவாக மாற்றுவது என் தொழில். சர்க்கஸ் சுவரொட்டிகளுக்காக அந்தக் காலத்தில் மேப்பிள் மரத்தில் செதுக்கியவை. ஹால்வர்சன் என்பவர் செதுக்கிய வரிசையில் ஆங்கிலத்தின் இருபத்தாறில் பத்தொன்பது எழுத்துகள்தான் கிடைத்தன. மீதி ஏழு எழுத்துகளை நானே வரைந்தேன். ஆனால் அவர் எழுத்துகளை அச்சடித்துக் காட்டிய பழைய மாதிரித்தாள் ஒன்றைப் பார்த்து வரைந்ததாகச் சொன்னேன். அப்படி ஒரு தாள் கிடையாது. விருது கொடுத்தார்கள். பதினொரு வருடம் ஊர் ஊராகப் போய் அதைப் பற்றியே பேசினேன்.

டெல்ஃபின் ஜொசார் என்னோடு அச்சு அருங்காட்சியகத்தில் வேலை செய்தவள். தீவுத் தேவாலயத்தின் நிலவறையில் முழு வரிசையையும் கண்டுபிடித்ததும் எனக்குத்தான் முதலில் போன் செய்தாள்.

"ஆர்விட், இருபத்தாறும் இருக்குப்பா. உன் 'ஜி'யை நெனச்சா சிரிப்பு வருது. நெஜ 'ஜி' இப்படி இல்லவே இல்ல. எந்தத் தாளைப் பாத்து வரைஞ்ச நீ?"

"மங்கிப்போன தாளு."

"மங்கினது தாளா, உன் கண்ணா? நாளைக்கு வா, சேர்ந்து கொண்டுவந்துடலாம். அப்புறம் அந்தத் தாளை எனக்குக் காட்டு."

அவள் குரலில் கெட்ட எண்ணமே இல்லை. அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது.

மறுநாள் மர வரிசையோரமாகவே தனியாகத் தீவுக்கு நடந்தபோது, மேற்கே பனிக்கட்டி கறுத்திருந்ததைக் கவனித்தேன். கறுத்தால் அடியில் கரைகிறது என்று அர்த்தம். மதியம் பெட்டிகளைச் சறுக்குவண்டியில் கட்டினோம்.

"மேற்கால குறுக்கே போனா அரை மணி மிச்சம்," என்றேன்.

"தாங்குமா?"

"காலைல அப்படித்தான் வந்தேன்."

"உன் தொப்பையவே தாங்கிச்சுன்னா எனக்கென்ன," என்று சிரித்துக்கொண்டே கயிற்றைத் தோளில் போட்டு முன்னால் நடந்தாள். நான் ஷூ கயிறு கட்டுவதாக முப்பதடி பின்தங்கினேன்.

பனி உடைந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை. வண்டியும் அவளோடு உள்ளே போனது. பெட்டி திறந்து எழுத்துகள் மிதந்தன. இப்படி நேர்ந்தால் குப்புறப் படுத்துத் தவழ்ந்து போகவேண்டும் என்று இங்கே சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். அப்படித்தான் போனேன். அவள் கை எட்டும் தூரத்தில் இருந்தது. 'ஜி'யும் எட்டும் தூரத்தில் இருந்தது. அவ்வளவு அழகான வளைவை நான் பார்த்ததில்லை.

"ஆர்விட், கையக் குடு," என்றாள். இரண்டாம் முறை என் பெயர் மட்டும்தான் வந்தது.

நான் வரைந்த அந்த ஏழு எழுத்துகளின் அசலை எடுத்தேன். மற்றவை என்னிடம் ஏற்கெனவே இருந்தன.

தோள்வரை நனைந்த என் சட்டையைப் பார்த்து, காப்பாற்ற முயன்றதாக எழுதிக்கொண்டது நீங்கள்தான். நேற்று என் மேசையிலிருந்து அந்த ஏழு எழுத்துகளையும் எடுத்துவிட்டீர்கள். மறைக்க இனி ஒன்றுமில்லை. அவளைக் கொன்றது நான்தான்.

போன வருடம் அந்த ஏழு எழுத்துகளையும் அசலைப் பார்த்துத் திருத்திப் புதிய பதிப்பு வெளியிட்டேன். இன்னும் நல்ல தாள் ஒன்று கிடைத்ததாகச் சொன்னேன். எழுத்துருவுக்கு டெல்ஃபின் என்று பெயர் வைத்தேன். அவள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஷெரிஃப். தெரிந்த பிழையைத் திருத்தாமல் விட்டவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.