இரண்டாவது பம்ப்

கார் டிக்கியில் ஒரு பம்ப் இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. செடிக்கு மருந்தடிப்பார்களே, கையால் அழுத்திக் காற்றேற்றுவது, அதுதான். நாங்கள் போகும் கரையில் குழாய் கிடையாது. கயாக்கில், அதாவது ஒற்றை ஆள் துடுப்புப் படகில் போய் மீன் பிடித்துவிட்டுக் கரையேறினால் தூண்டில், ரீல், துடுப்பு, லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றிலும் உப்பு. வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வீடு போய்ச் சேர்வதற்குள் உப்பு தன் வேலையைக் காட்டிவிடும்.

எல்லாவற்றையும் செய்து பார்த்தவன் நான். மூடியில் ஓட்டை போட்ட பாட்டில், கார் கூரையில் கட்டிய தண்ணீர்க் குழாய், பேட்டரியில் ஓடும் பீச்சான். பீச்சான் மட்டும் கூடவே கூடாது. வேகமாக அடித்தால் உப்பு வெளியே வராது, இடுக்குக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பம்பில் மெல்லிய தூறலாக விட வேண்டும், கைக்குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி. அதற்குப் பொறுமை வேண்டும். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். துடைத்தே பிழைத்தவன்.

என் தங்கை மாப்பிள்ளைக்கு அந்தப் பொறுமை கிடையாது. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஈரச் சாமானை அப்படியே பைக்குள் திணிப்பார். ஏதாவது சொன்னால், "விடுங்க மச்சான், கடலுக்குப் போய்ட்டு வந்தா கடல் வாசம் அடிக்கத்தான செய்யும்" என்று சிரிப்பார். தங்கையும் சேர்ந்து சிரிப்பாள். அவர் பக்கத்தில் இருந்தால் அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புதான். அப்பா அம்மா போன பிறகு அவளை ஆளாக்கியவன் நான். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. பொறுப்பில்லாதவர்களோடு சேர்ந்தால் அப்படியொரு சிரிப்பு வந்துவிடும் போலிருக்கிறது.

அவருடைய சாமான்களையும் நானே கழுவ ஆரம்பித்தேன். யாராவது செய்துதானே ஆக வேண்டும்.

பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்கள். அவருக்குத் தூரத்து ஊர் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, இருவரும் கிளம்புகிறார்கள். என் வீட்டு மாடியில்தான் அதுவரை இருந்தார்கள். தங்கை என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொன்னாள். ரொம்ப சந்தோஷம் என்றேன். ஒரு ரீலைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர் என் தங்கையை எப்படிப் பார்த்துக்கொள்வார்? நியாயமான கேள்விதானே, ஐயா. நீங்கள் அண்ணனாக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

அந்த வாரமே இன்னொரு பம்ப் வாங்கினேன். அதே கடை, அதே நிறம். ஒன்றில் வீட்டிலிருந்து நல்ல தண்ணீர். மற்றொன்றை, அவர் கயாக்கைக் கார்மேல் தூக்கிக் கட்டும் நேரத்தில், கடலிலேயே நிரப்பிக்கொள்வேன்.

அவருடைய லைஃப் ஜாக்கெட், கயிற்றை இழுத்தால் ஊதிக்கொள்ளும் வகை. உள்ளே ஒரு சின்ன வாயுக் குப்பி, அதைக் குத்தித் திறக்க ஓர் ஊசி. கயிறு உள்ளே போகும் இடத்தில் நிதானமாகக் கடல்நீரை விடுவேன். அவசரப்பட மாட்டேன். அரைகுறையாக உலர்த்தி, பையில் மடித்து, வெயிலில் கொதிக்கும் டிக்கியில் வைப்பேன். அடுத்த வாரமும் அப்படியே. அவர் பக்கத்தில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டே பார்ப்பார்.

ஒரு தடவை, "குப்பிய ஒரு தரம் கழட்டிப் பாத்துடலாமா மச்சான்?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டதே அதிசயம். என் கையில் பம்ப் அப்படியே நின்றது.

"நான் பாத்துட்டேன் மாப்பிள்ளை."

"அப்ப சரி. அந்த ஊர்ல எனக்கு இப்படிப் பாத்துக்க யார் இருக்கா" என்றார். எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. பொய்யில்லை.

கடல் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்த நாளாகப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு தரம் என்றேன், உடனே சரி என்றுவிட்டார். அவர் கயாக்கை நான் கவிழ்க்கவில்லை. அதைக் காற்று செய்தது. கவிழ்ந்த கயாக்கை இழுத்துக்கொண்டு போனதும் காற்றுதான். அவர் கயிற்றை இழுப்பதைப் பார்த்தேன். கூப்பிடு தூரம்தான்.

"மச்சான், கயிறு வரல" என்றார்.

"இன்னொரு தரம் இழுங்க" என்றேன்.

இழுத்தார். நான் சொன்னால் செய்வார். பயந்த மாதிரியே தெரியவில்லை, நான்தான் இருக்கிறேனே. நான் துடுப்பு போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அலையில் பதறிக்கொண்டு போனால் இரண்டு பேரும் கவிழ்வோம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே நிதானமாகப் போனேன். போய்ச் சேர்ந்தபோது அவர் இழுப்பதை நிறுத்தியிருந்தார்.

அவரைக் கரைக்குக் கொண்டுவந்து போன் செய்தேன். ஆட்கள் வருவதற்குள் என் சாமான்களைக் கழுவி முடித்தேன். நல்ல தண்ணீரில்.

அதோடு முடிந்திருக்கும். விபத்து என்று நீங்களே தங்கையிடம் சொல்லிவிட்டீர்கள். கூடவே, உப்புப் பிடித்து ஊசி இறுகிவிட்டது, ஜாக்கெட்டைச் சரியாகக் கழுவவில்லை என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இன்று காலையில் அவள் கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் வீங்கிக் கிடந்தது. "நீதானே எல்லாத்தயும் கழுவுவ. ஏதோ ஒரு தரம் மறந்திருப்ப அண்ணா. உன்ன நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்" என்றாள். என்னை மன்னித்துவிட்டாளாம். அவள் மாடிக்குப் போனதும் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

கொன்றது நான்தான். அதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் ஒரு தடவைகூட மறக்கவில்லை என்பதை மட்டும் நீங்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டும், ஐயா. அண்ணன் அலட்சியமாக இருந்துவிட்டான் என்று அவள் நினைத்தால் என்னால் தாங்க முடியாது.