நீந்தலாம் என்று எழுதியவள்

எங்கள் விரிகுடாவில் குளிர்ந்த தண்ணீர் என்ற பேச்சுக்கே இடமில்லை. வருஷம் முழுக்க, அடுப்பிலிருந்து இறக்கி ஆற வைத்த வெந்நீர் மாதிரித்தான் இருக்கும். பாங்காக்கிலிருந்து வருகிறவர்கள் காலை நனைத்ததும் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

என் பெயர் சுவிமொன். கடற்கரையில் காவல் பார்ப்பது என் வேலை. தினமும் காலையில் கயிற்றில் கட்டிய வெப்பமானியைக் கடலில் விட்டு எடுப்பேன். விடுதி வாசலில் இருக்கும் பலகையில் தண்ணீரின் சூடு, அலை, காற்று எல்லாம் எழுதி, கடைசி வரியில் நீந்தலாம் என்றோ நீந்த வேண்டாம் என்றோ எழுதுவேன். அதற்குத் தகுந்த கொடியை ஏற்றுவேன். உங்களுக்கு இது அற்ப வேலையாகத் தெரியலாம், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆனால் யார் தண்ணீரில் கால் வைக்கலாம் என்று இந்தக் கரையில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

நலின் என்ற அந்தப் பெண் செத்ததற்காக நூடுல்ஸ் வண்டிக்கார சக்ரித்தைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் கூப்பிடாமலே வந்தேன். சொறிமீன், அதுதான் ஜெல்லி மீன், கொட்டினால் உடனே ஊற்ற வேண்டும் என்று கரையில் கம்பம் நட்டு, அதில் வினிகர் பாட்டில் வைத்திருக்கிறோம். மிளகாய் ஊறப்போட வினிகர் தீர்ந்துவிட்டால் வண்டிக்காரர்கள் அதைக் கவிழ்த்துக்கொண்டு, தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு நழுவிவிடுவார்கள். சக்ரித் என்னிடமே மாட்டியிருக்கிறான். "கொஞ்சூண்டுதான்க்கா எடுத்தேன். சூப்புல புளிப்பு இல்லைன்னு வர்றவன் எல்லாம் என்னைக் காய்ச்சி எடுக்கறான்" என்று பல்லை இளித்தான். சொறிமீனுக்கும் பிளாஸ்டிக் பைக்கும் வித்தியாசம் தெரியாத பயல். அவன் கவனக்குறைவால் நடந்தது என்று நீங்கள் எழுதி முடித்துவிடுவீர்கள், ஊரும் நம்பிவிடும். அதை நான் ஒத்துக்கொள்ள முடியாது. அந்த பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்தவள் நான்.

பெட்டிச் சொறிமீனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தண்ணீரில் கிடந்தால் கண்ணாடிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மழை பெய்து ஓய்ந்து, காற்று மெல்லக் கரைப்பக்கம் வீசி, கடல் அசையாமல் கிடக்கும் நாளில் முழங்கால் ஆழம் வரைக்கும் வந்துவிடும். மனிதருக்குப் பிடித்த தண்ணீர்தான் அதற்கும் பிடிக்கும். அதன் இழைகள் உடம்பில் நன்றாகச் சுற்றிக்கொண்டால் சில நிமிஷத்தில் இதயம் நின்றுவிடும். நம் ஆட்கள் கறுத்துவிடுவோம் என்ற பயத்தில் சட்டையும் கால்சட்டையுமாகக் கடலில் இறங்குகிறார்கள். இத்தனை காலம் இந்தக் கரையில் பிணம் விழாததற்கு அந்தப் பயம்தான் காரணம். துணிக்கு மேல் கொட்டினால் விஷம் அவ்வளவாக உள்ளே ஏறாது.

குளிக்கிற இடத்தைச் சுற்றி வலை கட்டுங்கள் என்று விடுதிக்காரர்கள் கூட்டத்தில் ஒவ்வொரு பருவமும் எழுந்து நின்று கேட்டேன். அவர்களுக்குத் தலைவர் தவீப் அண்ணன்.

"வலையைப் பார்த்தா எவன் சுவி தண்ணில இறங்குவான்? அடுத்த தீவுக்குப் படகு ஏறிடுவான்."

"ஆள் செத்தா மட்டும் இறங்குவாங்களாண்ணே?"

"யாரு செத்தா? ஒரு பேரு சொல்லேன் பார்ப்போம்."

என்னிடம் பெயர் இல்லை. யார் கண்ணுக்கும் படாத என் சொறிமீனுக்குப் பேய் என்று பெயர் வைத்துக் கூட்டமே சிரித்தது. அன்றிலிருந்து மீன் விற்கிறவள்கூட, "என்ன சுவி அக்கா, உன் பேய் இன்னைக்குக் கரைக்கு வந்துச்சா? சோறு கீறு போட்டு அனுப்புனியா?" என்று கேட்பாள். கண்ணால் கண்டதைச் சொன்னவளுக்குப் பைத்தியக்காரப் பட்டம். வயிறு எரிந்தது, ஐயா. அதை மறைக்க எனக்கு அவசியமில்லை.

பொறுமையாக யோசித்தேன். ஓர் உயிர் போனால்தான் வலை வரும் என்றால், அந்த உயிர் என்றைக்காவது போகத்தான் போகிறது. அது எந்த நாள் என்பதை மட்டும் நான் முடிவு செய்தேன். இதில் என்ன தப்பு என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை.

அன்று காலை மழை விட்டிருந்தது. தண்ணீர் முப்பது டிகிரி. இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தபோது பக்கத்திலேயே சொறிமீன்கள் மிதந்தன. நான் கணுக்கால் வரை துணி போட்டிருந்தேன். கரையேறி வினிகரை மணலில் கொட்டிவிட்டு, குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தேன். நல்ல தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டிய இழைகள் இன்னும் வேகமாக விஷம் இறக்கும். பிறகு பச்சைக் கொடியை ஏற்றி, கடல் அமைதி, தண்ணீர் இதம், நீந்தலாம் என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும்.

முதலில் வந்தது நலினும் அவள் கணவன் தீரபத்தும். புதிதாகக் கல்யாணமானவர்கள். நீச்சல் உடைக்கு மேல் கணவனின் பெரிய சட்டையைப் போட்டிருந்தாள்.

"அக்கா, சட்டையோடவே இறங்கிடவா? ஆசைப்பட்டு இதை வாங்கிட்டேன், இப்ப வெக்கமா இருக்கு."

"விடிஞ்சும் விடியாம யாரும்மா உன்னைப் பார்க்கப்போறா? வெயிலும் ஏறலை, கறுக்க மாட்ட. கழட்டி எங்கிட்ட குடுத்துட்டுப் போ."

"தண்ணி சில்லுன்னு இருக்குமா?"

"மெத்தையில படுத்த மாதிரி இருக்கும், போ."

சட்டையை மடித்து என் நாற்காலியில் வைத்தாள். மரியாதை தெரிந்த பெண். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அலறல் வந்ததும் ஓடினேன். தீரபத் அவளைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, "வினிகர் எங்கக்கா? எங்க இருக்கு சொல்லுங்கக்கா" என்று கத்தினான். கம்பத்தைக் காட்டினேன். பாட்டில் முழுவதையும் அவள் கால்களில் ஊற்றினான். அதற்குள் நான் அவள் நெஞ்சை அழுத்த ஆரம்பித்திருந்தேன். சொல்லிக் கொடுத்தபடியே, ஒழுங்காக அழுத்தினேன். என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

இப்போது வலை நிற்கிறது. போய்ப் பாருங்கள், குழந்தைகள் உள்ளே கும்மாளம் போடுகிறார்கள். தவீப் அண்ணன் எல்லோர் முன்னாலும், "நீ தலை தலையா அடிச்சுக்கிட்ட சுவி, எங்களுக்குத்தான் புத்தியில்லாமப் போச்சு" என்று அழுதார். மீன்காரி என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறாள். அந்த வலைக்குள் குளிக்கிற ஒவ்வொரு பிள்ளையின் உயிரும் நான் போட்ட பிச்சை. என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், தலை குனிய மாட்டேன்.

படகுக்காரர் வேறு மாதிரி சொல்கிறார் என்கிறீர்கள். சொல்லட்டுமே, அவருக்கு என்ன வந்தது. ஆமாம், அந்தப் பெண் சாவதற்கு முந்தின நாள் சாயங்காலமே வலை அவர் படகில் வந்து இறங்கிவிட்டது. கொட்டகையில் போட்டுப் பூட்டியது நான்தான். தவீப் அண்ணன் கூடவே வந்தார். "இந்தா சுவி, உன் பேய்க்கு வலை வாங்கியாச்சு. நாளைக்குக் கட்டிட்டு, இனிமேலாவது வாயை மூடு" என்றார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

விடிந்ததும் அதைக் கட்டியிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாளே என்கிறீர்கள். பிழைத்திருப்பாள்தான். இந்தக் கரையில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அப்புறம் நான் சொன்னது நிஜம் என்று எவனுக்குத் தெரிந்திருக்கும், ஐயா?