துபாய் மாமாவின் ஒரு நிமிடம்

சித்தூரிலிருந்து பாலக்காடு போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்:

"சேட்டிலைட்டுக்குப் பண்ற மாதிரியே தங்கச்சி கல்யாணப் பேச்சுக்கும் பண்ணிப் பாத்தனுங்க்கா."

"என்ன புள்ள பண்ணுன?"

"மேல சுத்துற குட்டி சேட்டிலைட்டுக எல்லாம் ஒண்ணாப் பேசுனா கீழ ஒண்ணும் வெளங்காதுங்க. அதனால ஆளுக்கொரு நேரம் ஒதுக்கோணும். அதுதான் என்ற ஆராய்ச்சி. சொந்தக்காரங்களுக்கும் ஆளுக்கொரு நிமிசம் ஒதுக்கிட்டேன்."

"பேசுனாங்களா?"

"பேசுனாங்க. துபாய் மாமா மட்டும் போன்ல வரலைங்க. அவரு நிமிசத்துல வேற யாரும் பேசப்படாதுங்களே, எல்லாரும் வாய மூடிட்டு உக்காந்திருந்தோம்."

"அப்பறம்?"

"அப்பத்தான் தங்கச்சி, இந்த மாப்பிள்ளை வேண்டாம்னு சொன்னா."

"அவ நிமிசத்துலயே சொல்லியிருக்கலாமே?"

"அவளுக்கு ஒதுக்க மறந்துட்டனுங்க்கா."