மணிக்கட்டில் கோளாறு இல்லை

என் வீட்டில் கைத்துப்பாக்கி கிடையாது, சார். மான் வேட்டைக்கு அப்பா வைத்திருந்த பழைய ரைபிள் ஒன்று பரணில் கிடக்கிறது, அவ்வளவுதான். மிட்டாய்க் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு மிட்டாய் மேல் ஆசை இருக்காது என்பார்களே, அந்த மாதிரி. டுவேனுடைய துப்பாக்கிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஊரார் துப்பாக்கிகளைக் கழற்றி மாட்டியே எனக்கு வயதாகிவிட்டது.

என் கால் ஆடுவதைக் கண்டுகொள்ளாதீர்கள். குற்ற உணர்ச்சி என்று உங்கள் ஷெரீப் அலுவலக அறிக்கையில் எழுதிவிடப் போகிறீர்கள். போன வருஷத்திலிருந்தே இப்படித்தான். உட்கார்ந்தால் ஆடும், நின்றால் நடக்கச் சொல்லும், படுத்தால் எழுப்பிவிடும்.

கடை வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்களும் அந்தக் கவுண்டரில் சாய்ந்து காபி குடித்தவர்தானே. புதுத் துப்பாக்கி வாங்கியவர் யாராவது குண்டு சிக்குகிறது என்று திரும்பி வந்தால், துப்பாக்கியை யாரும் முதலில் பார்க்க மாட்டார்கள். அவருடைய கையை நீட்டச் சொல்வார்கள். சுடும்போது மணிக்கட்டு தளர்ந்தாலும் குண்டு சிக்கும் என்பதால், டுவேன் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டுவான். "இது என்ன மணிக்கட்டா, வெந்த நூடுல்ஸா?" என்பான். "இன்னும் ஐந்நூறு ரவுண்டு சுடுய்யா, சரியாப் போயிரும். புது மாப்பிள்ளைக்குக் கூச்சம் போக வேணாமா?" கவுண்டரே சிரிக்கும். வந்தவரும் அசடு வழியச் சிரித்துவிட்டு இரண்டு பெட்டி தோட்டா வாங்கிக்கொண்டு போவார். பாதி நேரம் மணிக்கட்டுதான் காரணம் என்பதும் உண்மை. அதனால்தான் அந்தச் சிரிப்பு இத்தனை காலம் செல்லுபடியானது.

போன வருஷம் கைத்துப்பாக்கியில் அந்தப் புது மாடல் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. வயதானவர்களும் பெண்களும் விரும்பி வாங்கினார்கள். ஒரு நாள் அதில் ஒன்றை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தது ஈயமும் மருந்தும் இல்லாத சோதனைத் தோட்டா, அடியில் பொட்டு மட்டும் வெடிக்கும். கை பட்டுத் துப்பாக்கி கீழே விழுந்தது. பின்பக்கம் தரையில் மோதியதும் பட்டென்று வெடித்தது. விசைக்குப் பக்கத்தில் ஒருவர் விரலும் இல்லை.

கடையில் இருந்த மற்றவற்றையும் அப்படியே விழவைத்துப் பார்த்தேன். அவை சும்மா இருந்தன. அந்த ஒன்று மட்டும் சில தடவை வெடித்தது, சில தடவை வெடிக்கவில்லை. டுவேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். விழுந்தது, சத்தமே இல்லை. மறுபடியும் போட்டேன், இல்லை. டுவேன் மெதுவாக என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"என்ன பெரிசு, உனக்குமா?"

அதைச் செய்கிற கம்பெனியிலிருந்து பிராடி என்று ஒரு பையன் வருவான், விற்பனைப் பிரதிநிதி. அவனிடமும் சொன்னேன். "நாங்க தோள் உயரத்துலேர்ந்து எத்தனையோ வாட்டி போட்டுப் பாத்தாச்சு சார். நீங்க ஓய்வெடுங்க, நல்லாத் தூங்குங்க" என்றான். அவன் கார் தெரு முனை திரும்பியதும் நான் துப்பாக்கியைக் கீழே போட்டேன். வெடித்தது.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. நாடு முழுக்க எத்தனை தலையணைக்கு அடியில் அது கிடக்கிறதோ, எத்தனை கைப்பையில், எத்தனை காரில். அத்தனை பேருக்காகவும் நான் ஒருவன் முழித்துக் கிடந்தேன். கம்பெனிக்குச் சொல்லிப் பயனில்லை, ஊருக்குச் சொன்னால் சிரிப்பு. பட்டால்தான் தெரியும் என்பார்கள். பத்திரிகையில் செத்தவர் என்று ஒரு பெயர் வந்தால் கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஒரு பெயர் போதும். நியாயமாக யோசித்தால் அது பெரிய விலை இல்லை.

மேவிஸ் அந்தச் சமயத்தில்தான் வந்தாள். ஸ்கூல் பஸ் ஓட்டுகிற மேவிஸ். புருஷன் போன பிறகு அந்தப் பண்ணை வீட்டில் தனியாக இருந்தாள், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு கிடையாது. பயத்துக்குத்தான் துப்பாக்கி வாங்கினாள். அதில் குண்டு சிக்குகிறது என்று கொண்டுவந்தாள். டுவேன் வழக்கம்போலக் கையை நீட்டச் சொன்னான். வாதம் வந்து வீங்கிய விரல்கள். அவன் அதையும் ஆட்டிப் பார்த்துச் சிரித்தான். அவள் பின்னறைக்கு வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நீயும் என் கையப் பிடிச்சுப் பாக்கணுமா வெண்டல்?"

"வேணாம் மேவிஸ். உன் கையில ஒண்ணும் இல்ல. துப்பாக்கிதான் சரியில்ல."

"நெஜமாவா சொல்ற? அந்தத் தடிப்பசங்க என்னைக் கிறுக்கியாக்கிட்டானுங்களே."

"அவனுங்க கெடக்கறானுங்க. வேற ஒண்ணு தரேன், எடுத்துட்டுப் போ."

அவளுடைய துப்பாக்கியில் ஒரு ஸ்பிரிங்தான் தொய்ந்திருந்தது, சார். மாற்றினால் தீர்ந்தது. நான் அதை மாற்றவில்லை. இழுப்பறையைத் திறந்து, அந்த ஒன்றை எடுத்து, துடைத்து, புதுப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். டுவேனிடம் கேட்டு விற்பனைப் பதிவையும் முறைப்படி மாற்றினேன். அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

"எப்பவும் குண்டு ஏத்தியே வெச்சுக்க. அவசரத்துல குண்டு ஏத்த உன் வெரலால முடியாது" என்று சொல்லியும் அனுப்பினேன். வாசலுக்குப் போவதற்குள் கார் சாவியை இரண்டு முறை கீழே போட்டாள். மேவிஸ் சாவியைப் போடாத நாள் ஏது, ஊருக்கே தெரிந்த கேலிதான். அடுத்த வாரம் எனக்கு ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரம் செய்து எடுத்துவந்தாள். இந்த ஊரில் தன்னை நம்பிய ஒரே ஆள் நான்தான் என்றாள். பலகாரம் நன்றாக இருந்தது, இனிப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல்.

பெட்ரோல் பங்கில் அவள் பிக்கப் வண்டியிலிருந்து இறங்கியபோது துப்பாக்கி நழுவி விழுந்து நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் அங்கே போனவர் நீங்கள். குண்டு தாடைக்குக் கீழே பாய்ந்திருந்தது என்று கேள்விப்பட்டேன். அதிக நேரம் வலித்திருக்காது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் எல்லோரும் தட்டில் பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டுவேன் சொன்னான்: "பாவம். வெரல் டிரிகர் மேலயே இருந்திருக்கும். அந்தக் கைய வெச்சுகிட்டு அவளுக்கு எதுக்கு இதெல்லாம்?" சுற்றி நின்ற எல்லாத் தலையும் ஆடியது. நீங்களும் தலையாட்டினீர்கள். கைதவறிய விபத்து என்று எழுதி முடித்தும்விட்டீர்கள். பிராடி பூங்கொத்து அனுப்பியிருந்தான்.

நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நல்ல மனுஷி, அவள் உயிர் அநியாயமாக வீணாகிப் போயிற்றே என்று அழுதேன். அவள் போனதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல் செய்தது நீங்கள் எல்லோரும்தான். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மேவிஸுக்கு அந்தத் துப்பாக்கியைத் தெரிந்தேதான் கொடுத்தேன். உங்கள் அலமாரியில் சாட்சிப் பொருளாக இருக்கும் அவள் துப்பாக்கியை எடுத்து, பின்பக்கம் கீழே படும்படி போட்டுப் பாருங்கள். முதல் தடவை வெடிக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள். டுவேன் அங்கேதான் தப்பு செய்தான்.

ஆனால் ஒன்றை வைத்து யாரும் நம்பப்போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒன்று என்றால் தற்செயல் என்பார்கள். அடக்கத்துக்குப் பிறகு வந்த சரக்கில் தேடிப் பார்த்து அதே மாதிரி இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். சனிக்கிழமை உங்கள் மனைவி கெண்ட்ரா கடைக்கு வந்திருந்தார். அவருடையதிலும் குண்டு சிக்குகிறதாம். டுவேன் மணிக்கட்டைப் பிடித்துச் சிரித்தான். நான் பின்னறைக்கு அழைத்துப் போய், கையில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி, மாற்றிக் கொடுத்தேன். உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டிருப்பார்.

ஷெரீப் அலுவலகத்துக்காரர் வீட்டிலேயே நடந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் முன்கூட்டியே வந்து சொல்லி வைத்துவிட்டதால், இந்தத் தடவை மணிக்கட்டு என்று எழுதவும் முடியாது.

மெதுவாக, சார். ஃபோன் செய்வதானால் செய்யுங்கள், ஆனால் அவரைப் பதற வைக்காதீர்கள். பதறினால்தான் கை நழுவும். என்னை அப்படிப் பார்க்காதீர்கள். அந்தத் துப்பாக்கியால் இனி ஓர் உயிர்கூடப் போகக்கூடாது என்று இந்த ஊரில் கவலைப்படுகிறவன் நான் ஒருவன்தான்.