வெண்ணிலாவின் ஓட்டு

ரங்கன்: ...அப்ப அந்தக் கட்சிக்காரன் ஓட்டுக் கேட்டு திரும்பவும் உன் வூட்டாண்ட வந்துட்டான்?

வெண்ணிலா: நேத்து சாயங்காலம் வந்தாரு நைனா. மழையில நனைஞ்சிகினே. மே மாசம் இங்க எலெக்ஷன் வருதுல்ல...

ரங்கன்: இங்கயும்தான் எலெக்ஷன். கோவிலம்பாக்கத்துல ஒருத்தன் கும்பிட்டுட்டுப் போறான், பின்னாலயே இன்னொருத்தன் வர்றான். லண்டன்லயும் அதே பொழப்புதானா?

வெண்ணிலா: லண்டன் இல்ல நைனா. வேல்ஸ். கார்டிஃப். எட்டு வருஷமா சொல்றேன்.

ரங்கன்: எனக்கு எல்லாம் லண்டன்தான். அந்த வேல்ஸு இங்கிலீஷ்காரன வுட்டுத் தனி நாடா பூடணும்னு ஒரு பேச்சு கீதுன்னியே. அதக் கேட்டியா அவன?

வெண்ணிலா: கேட்டேன். "அதுவும் ஒரு வழிதான், உக்காந்து பேசலாம்"னாரு.

ரங்கன்: மொத தபா வந்தப்ப சிரிச்சவன்தானே?

வெண்ணிலா: அவரேதான். நான் வந்த புதுசுல, "வேல்ஸ் தனி நாடா, ஒரு வாரம் தாங்காது"ன்னு சிரிச்சாரு. அடுத்த தடவ, "ஆசை தப்பில்ல, ஆனா இப்ப நேரமில்ல"ன்னாரு. இப்ப பேசலாமாம். அதே ஆளு, அதே பெரிய கட்சி.

ரங்கன்: ஜனம் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துட்டான். எங்க அப்பன் என்னத் தோள் மேல தூக்கினு மீட்டிங்குக்குப் போவாரு. இங்கயும் தனி நாடுன்னாங்க. அப்பால ஒரு நாளு, அத வுட்டுட்டோம்னாங்க. இங்க கேட்டவன் வுட்டான். அங்க சிரிச்சவன் பேசலாம்ன்றான். எவனையும் நம்பாத.

வெண்ணிலா: நீ யாரத்தான் நம்பின...

ரங்கன்: நம்பாததாலதான் உன் ஓட்டு இன்னும் பொழைச்சிகினு கீது.

வெண்ணிலா: போன எலெக்ஷன்ல கூடவா அந்த ஸ்கூல் வாசல்ல போயி உக்காந்த?

ரங்கன்: பின்ன? ஏழு மணிக்கு என் ஓட்டப் போட்டுட்டு, ரோட்டுக்கு எதிர்ல ஆட்டோவ நிறுத்தி உக்காந்தா, சாயங்காலம் கேட்டு மூடற வரைக்கும் நவுர மாட்டேன். உள்ள கீற ஏஜென்ட்டுங்க கிட்ட சொல்லிவெச்சிடுவேன். வெண்ணிலா ஊர்ல இல்ல, அவ பேரச் சொல்லிகினு எவளாச்சும் வந்தா என்னக் கூப்புடுன்னு. நாலு எலெக்ஷன். ஒரு பேமானி கைவெக்கல.

வெண்ணிலா: எழுபத்திரண்டு வயசுல, அந்த வெயில்ல...

ரங்கன்: நீ வந்து போடற வரைக்கும் அது இருக்கணுமில்ல.

வெண்ணிலா: ...இந்த வருஷமும் லிஸ்ட்ல என் பேரு இருக்கா நைனா?

ரங்கன்: கீது கீது. பத்திரமா கீது. நீ ஒண்ணு சொல்லு. அந்த ஊரு மெய்யாலுமே பிரிஞ்சிடுச்சின்னா, வெளியூர்க்காரங்கள எல்லாம் திருப்பி அனுப்பிடுவானா?

வெண்ணிலா: ச்சே... அப்படில்லாம் இல்ல. நர்ஸுங்க இல்லாம அவங்க என்ன பண்ணுவாங்க?

ரங்கன்: ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். அனுப்பினா நேரா மீனம்பாக்கத்துல வந்து எறங்கு. காட்டாங்குளத்தூர் ஆஸ்பத்திரில உன் பழைய வேலயே கெடைக்கும். மேல் ரூமுக்கு வெள்ளையடிச்சி வெச்சிருக்கேன்.

வெண்ணிலா: எப்ப அடிச்ச?

ரங்கன்: நீ போன ரெண்டாம் வருஷம் அடிச்சேன். அது உதுந்து பூட்ச்சி. போன வருஷம் இன்னொரு தபா.

வெண்ணிலா: நைனா... ஊரு பிரிஞ்சாலும் என்ன அனுப்ப மாட்டாங்க.

ரங்கன்: ஏன், நீ இன்னா அவனுங்களுக்கு மாமன் மவளா?

வெண்ணிலா: செப்டம்பர்ல... ஒரு ஹால்ல நிக்கவெச்சி உறுதிமொழி சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன். நம்ம பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுத்துட்டேன். இனி நான் இந்த நாட்டுக்காரி நைனா. தீபாவளிக்கு ஃபோன் பண்ணப்பவே சொல்லணும்னுதான்...

ரங்கன்: அன்னிக்கு எப்ப வர்றேன்னு கேட்டேன். "பேசலாம் நைனா"ன்ன.

வெண்ணிலா: ஆமா.

ரங்கன்: போறப்ப, "ரெண்டே வருஷம், ஓடி வந்துடறேன்"ன்ன. அப்பால, "வரணும்னுதான் இருக்கு, இப்ப நேரமில்ல"ன்ன. அப்பால, "பேசலாம்"ன்ன.

வெண்ணிலா: என்ன அந்த ஆளோட சேக்காத நைனா.

ரங்கன்: சேக்கல. மொத தபா அவன் சிரிச்சான். நீ அழுத. அவ்ளோதான்.

வெண்ணிலா: கோவமா இருக்கியா?

ரங்கன்: கோவம் இன்னா கோவம். சாப்ட்டியா நீ?

வெண்ணிலா: சாப்டறேன். நைனா... இனிமே அங்க எனக்கு ஓட்டு இல்ல. இந்த தடவ வெயில்ல போயி உக்காராத. லிஸ்ட்லேர்ந்து என் பேர எடுத்துடச் சொல்லு.

ரங்கன்: கீதுன்னு உன்னாண்ட சொம்மா சொன்னேன். கார்த்திகை மாசமே, வூடு வூடா பேரு சரிபாக்கற ஞானசௌந்தரி டீச்சர் அந்த ஓட்டர் லிஸ்ட்டு ஃபாரத்த எடுத்துகினு வூட்டுக்கு வந்துச்சி. "உங்க பொண்ணு திரும்பி வருமா பெரியவரே, பேர வெக்கறதா எடுக்கறதா"ன்னு கேட்டுச்சி... வராதுன்னு சொல்லி நான்தாம்மா கையெழுத்து போட்டேன்.